கண்ணாடித் தொட்டியும் கலங்கிய நீரும்

கலங்கிய நீரைத் தெளியச் செய்தல் மனிதன் மேற்கொண்ட மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்றாகும். மழைக்காலத்தில் ஆறுங் குளமுஞ் சேறாகி வந்தபோது, தமிழ் மக்கள் தேற்றாங்கொட்டையை எடுத்து மட்பாண்டத்தின் உட்புறத்தில் உரைத்து, அதில் நீரை வார்த்து வைத்தனர். சிறிது நேரத்தில் சேறு அடியிற் படிய, நீர் மேலே தெளிந்து நின்றது. தேற்றா மரத்துக்கு இல்லம் என்றும் ஒரு பெயருண்டு. உள்ளங் கலங்கிய தலைவி தெளிவு பெற்ற நிலைக்கு, இல்லத்தின் விதையாற் தெளிந்த நீரைக் கலித்தொகை உவமை கூறுகின்றது. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையும் நீரைத் தெளிவிக்கும் பொருள்களுள் ஒன்றாக இவ்விதையைக் கதகம் என்னும் பெயராற் குறிப்பிடுகின்றது.

இவ்வழக்கத்திற்குக் காரணம் உண்டு. நீரிற் கலந்த களித்துணிக்கைகள் ஒரே வகையான மின்னேற்றம் உடையவை. ஆதலின் அவை ஒன்றையொன்று விலக்கி, அடியிற் படியாமல் மிதந்துகொண்டேயிருக்கும். விதையிலிருந்து கரையும் பொருள்கள் அத்துணிக்கைகளைப் பிணைத்துத் திரளாக்குகின்றன. திரண்டவை பாரத்தினாற் கீழே இறங்குகின்றன. நகரங்களின் நீர் வழங்கு நிலையங்களிற் படிகாரம் இட்டுச் செய்வதும் இதுவே.

ஆயின், முன்னோர் அறிந்த இந்த உபாயத்திற்கு அடங்காத ஒரு கலக்கமும் உண்டு. புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில், ஒரு புறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், எத்தாளை என்னும் ஊர் உள்ளது. அவ்வூரிலே ஒரு வீட்டார் பிள்ளைகளின் விருப்பத்திற்காகக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி, கிணற்று நீரை நிரப்பி, வண்ண மீன்கள் சிலவற்றை விடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளில் நீர் பளிங்குபோல் இருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நீரிற் பாலைச் சிறிது தெளித்தாற்போல ஒரு வெண்மை படரும். வீட்டார் நீர் முழுவதையும் இறைத்து ஊற்றிக் கல்லையும் மணலையும் தேய்த்துக் கழுவி மீண்டும் நிரப்புவர். மீண்டும் நான்கு நாளில் அதே வெண்மை தோன்றும். இவ்வாறு இரண்டு மூன்று முறை நிகழ்வதற்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாய் பிளந்து மடியும். தூய்மைக்காகச் செய்த செயலே மீன்களுக்குக் கேடாக முடிந்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண அறிஞர் உலகத்திற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் வேண்டியிருந்தது. அந்த வரலாறு சுவையானது; படிப்பினை மிகுந்ததும் ஆகும்.

அழகுக்காக மீன் வளர்க்குங் கலையிற் சீனரே முன்னோடிகள். சொங் அரசமரபின் காலத்திலேயே அவர்கள் பொன்மீன்களைத் தெரிந்தெடுத்துக் குளங்களில் வளர்த்தனர். பின்னர் மிங் அரசமரபின் காலத்தில் வீட்டினுள் பெரிய பீங்கான் பாண்டங்களில் வைத்துப் பேணினர். 17 ஆம் நூற்றாண்டில் பொன்மீன்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன. அங்கும் செல்வர் வீடுகளில் அவை வட்டக் கண்ணாடிக் கிண்ணங்களில் வைக்கப்பட்டன. நீர் அழுக்கடைந்தால் அதைக் கொட்டிவிட்டுப் புது நீர் வார்ப்பது ஒன்றே எல்லாரும் அறிந்த பரிகாரம். நீரை மாற்றாமலே மீனை உயிரோடு வைத்திருத்தல் இயலும் என்று எவரும் கருதவில்லை.

முதல் ஒளி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1771 இல் யோசப்பு பிரீசிலி என்னும் ஆங்கில அறிஞர், மெழுகுதிரி எரிந்து அணைந்துபோன அடைபட்ட காற்றினுள் புதினாத் தளிர் ஒன்றை வைத்தார். 10 நாள் கழித்து அதே காற்றில் மற்றொரு மெழுகுதிரி நன்றாக எரிவதைக் கண்டார். உயிரினங்களின் மூச்சாலும் தீயாலும் கெட்ட காற்றைத் தாவரம் செப்பஞ் செய்கின்றது என்பது தெரிந்தது. 1779 இல் இங்கென்கவுசு என்னும் ஒல்லாந்த மருத்துவர், தாவரத்தின் பச்சைப் பகுதிகளே இதைச் செய்கின்றன என்பதையும், ஒளி இல்லாவிடில் இது நிகழாது என்பதையும் நிறுவினார். நீரில் அமிழ்த்திய இலைகள் வெயிலிற் குமிழிகளை வெளிவிடுவதை அவர் கண்டதே அதற்குச் சான்று.

இக்கருத்து, கண்ணாடிப் பாத்திரத்திற்கு வந்து சேர மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1829 இல் இலண்டன் மருத்துவரான நதானியேல் வாட் என்பவர், பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு போத்தலில் இட்டு மூடி வைத்தார். சில நாளில் அம்மண்ணிலிருந்து பன்னம் ஒன்றும் புல் ஒன்றும் முளைத்து, மூடிய போத்தலினுள்ளேயே செழித்து வளர்ந்தன. 1832 இல் இத்தாலியின் மெசினா நகரில் வாழ்ந்த யான் வில்பிரே பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி, கடல்வாழ் உயிரினம் ஒன்றின் வாழ்க்கையை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். உயிரியல் ஆராய்ச்சிக்குக் கண்ணாடித் தொட்டியை முறையாகப் பயன்படுத்திய முதல்வர் அவரே எனலாம்.

பின்னர் வந்தவர் றொபேட் வாரிங்டன். இவர் இலண்டன் மருந்தாளர் சங்கத்தில் இரசாயன வல்லுநராகப் பணியாற்றியவர். 1841 இல் இலண்டன் இரசாயனச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தவர். இவர் பிறந்தது 1807 இல். அதே ஆண்டிலேதான், இலங்கையைப் பற்றிய விவரத் திரட்டை 1834 இல் வெளியிட்டவரும், தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859 இல் ஆங்கிலத்தில் எழுதியவருமான சைமன் காசிச்செட்டி கற்பிட்டியிற் பிறந்தார் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

வாரிங்டன் ஏறத்தாழ 12 கலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை எடுத்து, அடியில் மணலும் சேறும் கல்லும் இட்டு, வேலம்பாசி நட்டு, இரண்டு சிறிய பொன்மீன்களை விட்டார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைத் தாவரம் உட்கொள்ளும். தாவரம் வெளிவிடும் ஒட்சிசனை மீன் சுவாசிக்கும். எனவே நீரை மாற்ற வேண்டியதில்லை என்பது அவருடைய எண்ணம். சில காலம் எல்லாம் நன்றாகவே நடந்தன. பின்பு பாசியின் பழைய இலைகள் அழுகத் தொடங்கின. வழுவழுப்பான படலம் ஒன்று பரவியது. நீர் கலங்கிற்று. மீன்களுக்குத் தீங்கு நேரும் நிலை வந்தது.

இவ்விடத்தில் வேறொருவராயின் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கழுவியிருப்பார். வாரிங்டன் அவ்வாறு செய்யவில்லை. இயற்கையான குளத்தில் அழுகிய இலை என்னவாகின்றது என்று அவர் சிந்தித்தார். அங்கே நத்தைகள் உண்டு. அவை அழுகலை உண்கின்றன. எனவே குளத்து நத்தைகள் ஐந்தாறைத் தொட்டியில் விட்டார். அவை அழுகலையும் படலத்தையும் தின்று தீர்த்தன. நீர் தெளிந்தது. நத்தைகள் இட்ட முட்டைகள் மீனுக்கு உணவாயின. மீன், தாவரம், நத்தை என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்ற இந்த ஒழுங்கை அவர் 1850 மார்ச்சில் இரசாயனச் சங்கத்தின் முன் விளக்கினார். வீட்டு மீன்தொட்டியின் வரலாறு முறையாகத் தொடங்குவது இங்கிருந்தே.

1853 மே மாதத்தில் இலண்டன் விலங்கியற் சோலையில் மீன்காட்சி மண்டபம் திறக்கப்பட்டது. அதற்குத் துணை நின்ற பிலிப் கென்றி கொசு என்னும் இயற்கை நூலறிஞர், 1854 இல் மீன்தொட்டியைப் பற்றி எழுதிய நூல் ஆங்கில நாடெங்கும் பரவிற்று. வீடுதோறும் தொட்டி வைத்தல் நாகரிகமாயிற்று. ஆயினும் பத்து ஆண்டுகளுக்குள் அந்த மோகம் தணிந்தது. தொட்டி வைத்தோருள் மிகப் பலர் கலங்கிய நீரையும் செத்த மீனையுமே கண்டனர். தாவரமும் நத்தையும் இருந்தும் நீர் ஏன் கெட்டது? வாரிங்டன் கண்ட ஒழுங்கில் ஏதோ ஒன்று விடுபட்டிருந்தது.

விடுபட்டிருந்தது நைதரசன். மீனின் கழிவிலும், உண்ணாது எஞ்சிய உணவிலும், அழுகிய இலையிலும் நைதரசன் உண்டு. அது அமோனியாவாக மாறி நீரிற் கரைகின்றது. அமோனியா மீனுக்கு நஞ்சு. ஆனால் பழைய குளத்தில் அமோனியா தேங்கி நிற்பதில்லை. அது எங்கே போகின்றது?

மண்ணில் அமோனியா நைத்திரேற்றாக மாறுவதை இரசாயன வல்லுநர் அறிந்திருந்தனர். அது உயிரற்ற இரசாயனத் தாக்கமே என்று பலர் எண்ணினர். உயிரினங்களின் செயலாக இருக்கலாம் என்று 1862 இல் பாசுரர் குறிப்பாகக் கூறினார். 1877 இல் சுலோசிங், முன்சு என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இதைச் சோதித்தனர். மணல் நிரப்பிய நீண்ட குழாயினூடாகக் கழிவுநீரை மெல்ல மெல்லச் செலுத்தினர். முதல் 20 நாள் எம்மாற்றமும் இல்லை. புகுந்த அமோனியா அப்படியே வெளிவந்தது. அதன் பின் நைத்திரேற்று தோன்றலாயிற்று. சிறிது காலத்தில் அமோனியா முற்றாக மறைந்தது. குழாயினுள் குளோரோபோம் ஆவியைச் செலுத்தியதும் இம்மாற்றம் நின்றது. ஆவியை அகற்றிச் சிறிது மண்ணைச் சேர்த்ததும் மீண்டும் தொடங்கியது. உயிருள்ள ஒன்று மணலிற் குடியேறி இவ்வேலையைச் செய்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இச்செய்தியை ஆங்கில நாட்டின் உரொதம்செட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் இருந்த ஓர் இளைஞர் பற்றிக்கொண்டார். ஆண்டுக்கணக்காகச் சோதனை செய்து, அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் இரு படிகளில் மாறுகின்றது என்றும், ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு நுண்ணுயிர் உண்டு என்றும் அவர் காட்டினார். அவர் பெயரும் றொபேட் வாரிங்டன்; பொன்மீன் தொட்டி வைத்த வாரிங்டனின் மகன். தந்தையின் தொட்டியில் விடுபட்டிருந்த கண்ணியை மைந்தன் வயல் மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் அரும்பணியை 1890 இல் வினோகிராட்சுகி என்னும் உருசிய அறிஞர் நிறைவேற்றினார். அமோனியாவிலிருந்து நைத்திரேற்று வரை இரு படிகளையும் ஒரே பற்றீரியா தனித்து நிறைவேற்றுதலும் உண்டென்று 2015 இல் இரு ஆய்வுக் குழுவினர் வெளியிட்டனர். அவ்விரு குழுவினருள் ஒருவர் அதனைக் கண்டது மீன் வளர்க்கும் தொட்டிகளின் நீரைச் சுத்திகரிக்கும் வடியிலேயே ஆகும்.

இவ்வரலாற்றைக் கையிற் கொண்டு எத்தாளை வீட்டுத் தொட்டியைப் பார்த்தால், மருமம் விளங்கிவிடும். புதிய தொட்டி என்பது சுலோசிங்கின் மணற் குழாயின் முதல் 20 நாட்களைப் போன்றது. கழிவை மாற்றும் நல்ல பற்றீரியாக்கள் இன்னும் குடியேறவில்லை. அவை மிக மெதுவாகப் பெருகுவன. கல்லிலும் மணலிலும் வடியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்வன. அதே வேளையில், எஞ்சிய உணவையும் கழிவையும் உண்டு விரைவாகப் பெருகும் வேறு பற்றீரியாக்கள் நீரில் மிதந்தபடி கோடிக்கணக்கிற் பல்குகின்றன. பால் தெளித்தாற்போலத் தோன்றும் வெண்மை அவற்றின் கூட்டமே. அவை நீரிலுள்ள ஒட்சிசனைச் செலவிடுகின்றன. அதனாலேயே மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. வீட்டார் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவும்போது, மெல்லக் குடியேறத் தொடங்கிய நல்லவை போய்விடுகின்றன. விரைந்து பெருகுவன மறுபடியும் முந்திக்கொள்கின்றன. ஒவ்வொரு முறையும் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்குகின்றது.

ஆகவே வெண்கலக்கத்திற்குப் பரிகாரம் பொறுமையே. உணவைக் குறைத்து, ஓரிரு நிமிடத்தில் மீன் உண்டு முடிக்கும் அளவே இடவேண்டும். ஒரு நாள் இடாவிட்டாலும் குற்றமில்லை. செத்த மீனையும் அழுகிய இலையையும் உடனே அகற்றவேண்டும். காற்றூட்டியை இடையறாது இயக்கவேண்டும். நீரில் ஐந்தில் ஒரு பங்கையோ நான்கில் ஒரு பங்கையோ மட்டும் மாற்றவேண்டும். வடியின் பஞ்சைக் குழாய் நீரிற் கழுவுதல் கூடாது. குழாய் நீரிலுள்ள குளோரீன் நல்ல பற்றீரியாவைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதை அலசிக்கொள்ளவேண்டும். பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஒரு பிடி மணலோ ஒரு துண்டுப் பஞ்சோ கிடைக்குமாயின், அது புதிய தொட்டிக்கு உறைமோர் போன்றதாகும்.

எல்லாக் கலக்கமும் ஒன்றல்ல என்பதும் அறியத்தக்கது. நீர் ஊற்றிய அன்றே சாம்பல் நிறமாகத் தோன்றுவது, கழுவாத மணலின் தூசி. அது படியும், அல்லது வடியிற் சிக்கும். தேற்றாங்கொட்டை போன்றவை பயன்படும் வகை இது ஒன்றே. நீர் பச்சையாவது, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் பெருக்கம்; வெயில் படும் சாளரத்தருகே தொட்டியை வைப்பதும், நீரிற் பசளைச்சத்து மிகுவதும் அதற்குக் காரணங்கள். தேயிலைச் சாயம்போல் மஞ்சளாவது, உள்ளே இட்ட மரத்துண்டிலிருந்து கரையும் சாயம், அதனால் தீங்கில்லை. இலங்கையின் ஈரவலயத்து நிழலோடைகளில் வாழ்வதும், 1929 இல் தெரணியகலை அவர்கள் முதன்முதல் விவரித்துப் பெயரிட்டதும், இன்று உலகெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படுவதுமான செந்நிறச் சிறுமீனுக்கு, இலைச்சாயம் ஊறிய அத்தகைய நீர் உவப்பானதே.

பச்சை நிறக் கலக்கத்தைக் கூறுமிடத்து, எத்தாளையின் கிணறுகளைப் பற்றியும் சொல்லாமல் இருத்தல் இயலாது. கற்பிட்டிக் குடாநாட்டின் நிலம் மணல். பெய்யும் மழை உடனே உள்ளிறங்கி, நிலத்தடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. நன்னீர் கடல்நீரினும் இலேசானது என்பதே காரணம். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பேடன் கைபன் என்னும் ஒல்லாந்தரும், 1901 இல் எர்சுபேக் என்னும் செருமானியரும் தனித்தனியே இக்கணக்கை வகுத்தனர். கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்திற்கு அது உவர்நீரைத் தள்ளி வைக்கும் என்பது அவ்விதி. குடாநாட்டு மக்களின் குடிநீரும் பயிர்நீரும் இந்த மெல்லிய நன்னீர்ப் படையிலிருந்தே வருகின்றன.

அம்மணலில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செழிப்பது உழவரின் உழைப்பினால். மணல் நீரைத் தாங்காதாகையால் அடிக்கடி இறைக்கவேண்டும். சத்தைத் தாங்காதாகையால் பசளையை மிகுதியாக இடவேண்டும். பயிர் உண்ணாது விட்ட பசளையின் நைதரசன், வாரிங்டனின் மைந்தர் விளக்கிய அதே இரு படிகளில் மண்ணின் பற்றீரியாக்களால் நைத்திரேற்றாகி, இறைத்த நீரோடு இறங்கி, இறைத்த கிணற்றுக்கே திரும்பி வருகின்றது. 1980 களில் பிரித்தானியப் புவியியல் ஆய்வு நிலையத்தாரும் இலங்கை ஆய்வாளரும் கற்பிட்டிப் பகுதியின் நிலத்தடி நீரை ஆராய்ந்து, செறிவாகப் பயிரிடும் நிலத்தின் கீழ் நைத்திரேற்று மிகுந்திருப்பதைக் காட்டினர். இத்தகைய கிணற்று நீரைத் தொட்டியில் வார்த்தால் நுண்பாசி விரைந்து பச்சைப் பிடிப்பதில் வியப்பில்லை. அந்த நீரையே மாற்றி மாற்றி ஊற்றுவதாலும் பச்சை நீங்காது. வெயிலைத் தடுப்பதும், விரைந்து வளரும் நீர்த்தாவரங்களை நட்டு அச்சத்தை அவை உண்ணவிடுவதும், முடிந்தால் மழைநீரைக் கலந்துகொள்வதுமே வழி.

மீனுக்கு நைத்திரேற்று அமோனியாவைப் போற் கொடியதன்று. கைக்குழந்தைக்கோ அது கொடியது. 1945 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்னும் மருத்துவர், பண்ணைக் கிணற்று நீரிற் கரைத்த பாலைக் குடித்த குழந்தைகள் உடல் நீலம் பாரித்து வாடியதைக் கண்டு, அந்நீரின் நைத்திரேற்றே காரணம் என எழுதினார். குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கின்றது. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றோ போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும்.

தேற்றாங்கொட்டை உரைத்த காலத்திலே, தெளிந்த நீர் நல்ல நீர் என்று கொள்ளப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்த சேறு ஒன்றே அன்று அறியப்பட்ட பகை. இன்றைய அறிவோ இரு செய்திகளைச் சொல்கின்றது. வெண்மையாகக் கலங்கிய தொட்டி நீர், பொறுத்திருந்தால், நல்ல நீராவதற்குரிய வழியில் நிற்பதாக இருக்கலாம். பளிங்குபோற் தெளிந்த கிணற்று நீர், சோதித்துப் பாராவிட்டால், குழந்தைக்கு ஆகாத நீராகவும் இருக்கலாம். கரையோர மணற்பரப்பில் வாழும் குடும்பத்தார், கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் நீரை ஒருமுறையாவது ஆய்வுகூடத்திற் சோதிப்பித்துக் கொள்ளுதலும், கிணற்றங்கரையோடு ஒட்டிப் பசளையிடுதலைத் தவிர்த்தலும், பயிருக்கு வேண்டிய பசளையை ஒரே முறையில் கொட்டாது சிறுகச் சிறுகப் பிரித்து இடுதலும் நலம். மீன்தொட்டி பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்தான். எனினும் நிலத்தடியிற் கண்காணாது நிகழ்வதைக் கண்ணாடியினூடாகக் காட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. அதன் நீர் பச்சை பிடிக்கும்போது, அந்த நீர் வந்த கிணற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் அறிவுடைமையாகும்.